கூரையைத் தட்டும் அக்கம்பக்கம்

லண்டன் கால்வாய்ப் படகுகளில் குடியிருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடக் கதவைத் தட்டுவதில்லை, கூரையைத் தட்டுகிறார்கள். இரும்புக் கூரை. விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினால் உள்ளே இருப்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். பக்கவாட்டுக் கதவு திறந்து ஒரு தலை வெளியே நீளும். அங்கே இன்னொரு படகு, இஞ்சின் மெதுவாக உறுமிக்கொண்டிருக்க, நின்றுகொண்டிருக்கும். அதன் சொந்தக்காரர் கையில் கயிற்றோடு கேட்பார்: “உங்களோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளட்டுமா?”

கரையில் இடமில்லாத நகரம். அதனால் ஒரு படகின் விலாவில் இன்னொரு படகைக் கட்டிக்கொள்வது இங்கே தினசரி வழக்கம். சரி என்று சொன்ன நிமிடத்திலிருந்து முன்பின் தெரியாத அந்த ஆள் நமக்குப் பொதுச்சுவர்க்காரர். அவர் கரைக்குப் போக வேண்டுமென்றால் நம் படகின் மேல் கால் வைத்துத்தான் போக வேண்டும். காய்கறிப் பையோடு போவார், நாயோடு போவார், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார், சனிக்கிழமை நள்ளிரவு தாண்டித் தள்ளாடிக்கொண்டும் வருவார். ஒவ்வொரு முறையும் படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். வந்தது ஒருவரா இருவரா, நிதானத்தில் வந்தாரா இல்லையா என்பதெல்லாம் படுத்தபடியே தெரிந்துவிடும்.

நான் தங்கியிருந்தது ரீஜண்ட்ஸ் கால்வாயில், விக்டோரியா பூங்கா பக்கம். நண்பர் ஒருவர் மூலம் பழக்கமான தம்பதியின் படகு. கணவர் தச்சர், மனைவி நர்ஸ். இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். “உல்லாசப் படகு என்று நினைத்து வந்துவிடாதீர்கள், கழிப்பறைத் தொட்டியை நீங்களும் ஒருநாள் தூக்க வேண்டியிருக்கும்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சொன்னபடி தூக்கவும் வைத்தார்கள்.

படகின் அகலம் ஆறடி பத்து அங்குலம். நம்மூர் ரயில் பெட்டியின் அகலம்கூட இல்லை. நீளம் மட்டும் ஐம்பத்தைந்து அடிக்கு மேல். முன்பக்கம் விறகும் நிலக்கரியும் எரியும் சின்ன இரும்பு அடுப்பு, அதை அடுத்து உட்காருமிடம், சமையல் மேடை, குளியல் அறை, கடைசியில் படுக்கை. ஒருவர் சமையல் மேடையில் நின்றால் இன்னொருவர் தாண்டிப் போக, அவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். தச்சர் கை வைத்த படகு என்பதால் படிக்குக் கீழே ஒரு இழுப்பறை, படுக்கைக்குக் கீழே மூன்று, மேசையை மடித்தால் அது சுவர் அலமாரிக்குக் கதவு. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் இந்த வீட்டில் நடக்க முடியாது.

இந்த ஒடுக்கமான அகலத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் கால்வாய்கள் வெட்டியபோது, படகை மேடேற்றி இறக்கும் லாக்குகளை ஏறத்தாழ ஏழடி அகலத்துக்கே கட்டினார். தண்ணீரும் மிச்சம், செலவும் மிச்சம். அந்த லாக்குகளில் நுழைய வேண்டுமென்றால் படகு ஏழடிக்கு உள்ளேதான் இருக்க முடியும். ரீஜண்ட்ஸ் கால்வாய் அதற்குப் பிறகு வந்தது. 1820இல் முழுதாகத் திறந்த இந்தக் கால்வாயின் லாக்குகளில் இரண்டு படகுகள் ஜோடியாக நிற்கலாம். ஆனால் நாடு முழுக்கச் சுற்ற நினைக்கிறவர்கள் இன்றும் அந்த ஏழடிக் கணக்கை மீற முடியாது.

சரக்குக் காலத்துப் படகுக் குடும்பங்களுக்கு இவ்வளவு இடமும் இருந்ததில்லை. எழுபதடிப் படகில் அறுபதடி நிலக்கரிக்கு. கடைசிப் பத்தடி அறை ஒன்றில்தான் கணவன், மனைவி, குழந்தைகள், சமையல், பிரசவம் எல்லாம். வெளிப்புறத்தில் ரோஜாவும் கோட்டையும் வண்ணத்தில் தீட்டி, பித்தளைப் பூண்களைத் துலக்கி வைப்பார்கள். கரையில் இருந்த கனவான்களுக்கு அந்தக் குடும்பங்கள் அழுக்கர்கள், திருடர்கள். ஜார்ஜ் ஸ்மித் என்ற சீர்திருத்தக்காரர் விடாமல் எழுதியும் பேசியும் 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. ஒரு படகில் எத்தனை பேர் குடியிருக்கலாம் என்று பதிவு செய்ய வேண்டியதாயிற்று. நல்லது நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் கரைக்காரர் படகுக்காரரைப் பார்க்கிற பார்வை அப்போதே பதிவாகிவிட்டது. அது இன்னும் முழுக்க மாறவில்லை என்பதை நான் நேரில் பார்த்தேன். பிறகு சொல்கிறேன்.

ரயிலும் லாரியும் சரக்கைப் பிடுங்கிக்கொண்டன. 1962-63 குளிரில் கால்வாய்கள் மாதக்கணக்கில் உறைந்து கிடக்க, மிச்சமிருந்த சரக்குத் தொழிலும் பெரும்பாலும் அதோடு படுத்துவிட்டது. நம் பக்கிங்காம் கால்வாய் கதைதான். பாரதிதாசன் மாமல்லபுரத்துக்குப் படகில் போய்ப் பாட்டு எழுதிய கால்வாய் அது. இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம். இங்கிலாந்தின் கால்வாய்கள் அந்த கதியிலிருந்து தப்பியதற்கு எல்.டி.சி. ரோல்ட் என்பவருக்கு நன்றி சொல்ல வேண்டும். தன் படகிலேயே குடியிருந்து ஊர் ஊராகச் சுற்றி அவர் எழுதிய புத்தகம் 1944இல் வந்தது. அதைப் படித்தவர்கள் திரண்டு 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தொடங்கினார்கள். தூர்ந்து கிடந்த கால்வாய்களைத் தன்னார்வலர்கள் இறங்கித் தூர்வாரினார்கள். 2012இலிருந்து இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பாலானவற்றை ஓர் அறக்கட்டளை நிர்வகிக்கிறது.

இன்று லண்டன் நீர்வழிகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள். கால்வாய்க் காதலால் வந்தவர்கள் இருக்கிறார்கள்; வீட்டு வாடகைக்குப் பயந்து வந்தவர்களும் அவர்களுக்குச் சளைக்காத கூட்டம். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நிலையான கட்டுமிடம் கிடையாது. அவர்களுக்கென்று 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது: ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. படகின் உரிமம், காப்பீடு, நாலு வருடத்துக்கொரு முறை பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் ஒருபுறம். இவர்கள் வாழ்க்கையை உருட்டுவது இந்த 14 நாள் விதிதான். பெயருக்குப் பத்தடி நகர்ந்தால் போதாது, வேறு பேட்டைக்குப் போக வேண்டும். ஓர் ஆண்டில் போய்வந்த இரு கடைக்கோடிகளுக்கு இடையே உள்ள தூரம் 15, 20 மைலுக்குக் குறைந்தால் உரிமம் புதுப்பிக்கும்போது கேள்வி வரும்.

நகரும் நாள் வந்தது. தச்சர் காலையிலேயே கரையில் அடித்திருந்த இரும்பு முளைகளைச் சுத்தியலால் இரு பக்கமும் தட்டி ஆட்டிப் பிடுங்கினார். பக்கத்தில் கட்டியிருந்தவருக்கு முந்தின நாளே சொல்லிவைத்தாயிற்று. நாங்கள் உள்பக்கம், அவர் வெளிப்பக்கம். எனவே அவரை அவிழ்த்து, எங்கள் படகு வெளியே நழுவி, அவரைக் கரையோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அவர் எழுந்திருக்கவில்லை. கூரையைத் தட்டியதற்கு, “நீங்களே கட்டிவிடுங்கள், நான் இரவு வேலை பார்த்துவிட்டு வந்தேன்” என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. தன் வீட்டையே அவிழ்த்துக் கட்டச் சொல்லிவிட்டுப் புரண்டு படுக்கும் நம்பிக்கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மேற்கே ஆக்டன்ஸ் லாக். லாக் என்பது இரண்டு பக்கமும் கனத்த கதவு போட்ட கல் தொட்டி. படகைக் கீழ்க்கதவு வழியே உள்ளே விட்டு, கதவை மூடி, மேல்கதவின் அடைப்பான்களைத் திறந்துவிட்டால் தண்ணீர் ஏறும், படகும் ஏறும். மோட்டார் கிடையாது, எல்லாம் கையால்தான். எல் வடிவ இரும்புக் கைப்பிடி ஒன்று ஒவ்வொரு படகிலும் இருக்கும். அதைப் பல்சக்கரத்தின் அச்சில் மாட்டிச் சுற்றினால் அடைப்பான் மேலே எழும். நானும் சுற்றினேன். பாதியில் கையை எடுத்துவிட்டால் கைப்பிடி தலைதெறிக்கப் பின்னோக்கிச் சுழன்று முகத்தைப் பெயர்க்கும் என்று நர்ஸ் இரண்டு முறை எச்சரித்தார். அப்படி அடிபட்டவர்களுக்கு அவரே தையல் போட்டிருப்பாராக இருக்கும். கதவைத் திறக்க நீளமான மரத்துலாவில் முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டும். இரு பக்கமும் தண்ணீர் மட்டம் சமமாகும்வரை யானை வந்து தள்ளினாலும் அசையாது. சமமானதும் ஒருவரே திறந்துவிடலாம்.

கால்வாய் நாகரிகம் என்று ஒன்று உண்டென்றால் அதை இந்த லாக்கில் பார்க்கலாம். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவாகிறது. ஆகவே பின்னால் ஒரு படகு வருவது தெரிந்தால் காத்திருந்து ஜோடியாக ஏற வேண்டும். எதிரே ஒரு படகு இறங்க வந்துகொண்டிருந்து, லாக் அதற்குச் சாதகமாக நிரம்பியிருந்தால், நாம் முதலில் வந்திருந்தாலும் அதற்கு வழிவிட வேண்டும். எங்களோடு சேர்ந்து ஏறியவர் தனியாகப் படகோட்டும் இளம்பெண். அவளுடைய கயிற்றையும் தச்சரே வாங்கிக்கொண்டார். மூன்று லாக் தாண்டுவதற்குள் அவளுடைய பேட்டரி கெட்டது, எந்தத் தண்ணீர்க் குழாயில் அழுத்தம் குறைவு, எந்தப் பாலத்துக்கடியில் போன வாரம் பூட்டை உடைத்தார்கள் என்பதெல்லாம் பேசி முடித்தாயிற்று. அவள் பெயர் மட்டும் கடைசிவரை யாரும் கேட்கவில்லை. படகின் பக்கத்தில்தான் படகின் பெயர் எழுதியிருக்கிறதே, அது போதும்.

பிறகு இஸ்லிங்டன் சுரங்கம். 878 மீட்டர் நீளம், உள்ளே நடைபாதை கிடையாது. குதிரைகள் படகை இழுத்த காலத்தில் குதிரையை அவிழ்த்து மேலே தெரு வழியாக ஓட்டிப் போவார்கள். ஆட்கள் படகில் மல்லாந்து படுத்து சுவரைக் காலால் உதைத்து உதைத்துப் படகை நகர்த்துவார்கள். சுரங்கம் நேர்கோடு, எதிரே படகு வருகிறதா என்று விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, வந்தால் வெளியே நிற்க வேண்டும். நிற்காமல் நுழைகிற ஆளைப் பற்றி அன்று சாயங்காலத்துக்குள் கால்வாய் முழுக்கப் பேச்சாகிவிடும்.

தண்ணீர் பிடிக்குமிடத்தில் நம்மூர்த் தெருக்குழாயடி ஞாபகம் வராமல் இருக்காது. வரிசையில் நின்று, குழாயை மாட்டி, தொட்டி நிரம்ப ஒரு மணி நேரம் ஆகலாம். நிரம்பியதும் நகர்ந்துவிட வேண்டும். குழாயடியில் படகைக் கட்டிவிட்டுக் கடைக்குப் போகிறவர் மன்னிக்கப்படுவதில்லை. கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யும் இடத்தில் வேறொரு வகை நட்பு. அடைத்துப் பூட்டிய பிளாஸ்டிக் தொட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வரும் வங்கி அதிகாரியும், ஓவியரும், கூரியர் பையனும் அங்கே ஒரே வரிசை. மூக்கைச் சுளித்தபடி வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தஸ்து பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

சண்டை வராமலில்லை. பெரும்பாலும் மூன்று காரணம்: வேகம், சத்தம், புகை. கால்வாயில் வேகவரம்பு மணிக்கு 4 மைல். கட்டியிருக்கும் படகுகளைத் தாண்டும்போது அதையும் குறைத்து ஊர்ந்து போக வேண்டும். இல்லையென்றால் எழும் நீரிழுப்பில் கட்டிய படகு முன்னும் பின்னும் இழுபட்டு முளை பிடுங்கிக்கொள்ளும், அடுப்பிலிருக்கும் குழம்பு கொட்டும். “மெதுவாப் போ!” என்ற கத்தல் கால்வாயின் தேசிய கீதம். சத்தத்துக்குக் கணக்கு எளிது: இரவு எட்டிலிருந்து காலை எட்டுவரை அக்கம்பக்கத்தார் காதில் விழும்படி இஞ்சினோ ஜெனரேட்டரோ ஓட்டக் கூடாது, உரிமத்திலேயே நிபந்தனை. ஆனால் கூரையில் சூரியத் தகடு இருந்தும் லண்டன் குளிர்காலத்தில் வெயில் எங்கே? பேட்டரியை நிரப்ப இஞ்சினைத்தான் ஓட்ட வேண்டும். ஏழரைக்கு வேலை விட்டு வருகிறவருக்கு மிச்சமிருப்பது அரை மணி நேரம். அவர் ஒன்பதுவரை ஓட்டினால் பக்கத்துப் படகு பொறுத்துக்கொள்வதா, தட்டுவதா? எங்கள் தச்சர் முதல் நாள் பொறுத்துக்கொள்வார். இரண்டாம் நாள் பீர் பாட்டிலோடு போய்த் தட்டுவார். மூன்றாம் நாள் என்ன செய்வார் என்று கேட்டேன். “மூன்றாம் நாள் தேவைப்பட்டதில்லை” என்றார்.

இந்த இடத்தில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். படகுக்காரர்கள் நல்லவர்களாக இருப்பதற்கு அவர்கள் குணம் மட்டும் காரணமில்லை, அந்த 14 நாள் விதியும் காரணம். நம் ஊரில் வரப்புத் தகராறு மூன்று தலைமுறை ஓடுவது ஏன்? வரப்பு நகராது, இரண்டு வீடும் நகராது. இங்கே எப்பேர்ப்பட்ட அண்டை வீட்டாரும் இரண்டு வாரத்தில் போய்விடுவார், அல்லது நாம் போய்விடுவோம். கோபம் முற்றுவதற்குள் கயிறு அவிழ்ந்துவிடுகிறது. அதே சமயம், இன்றைக்குத் திட்டியவரை ஆறு மாதம் கழித்து ஏதாவது ஒரு லாக்கில் சந்தித்தே ஆக வேண்டும், அவர் கையில்தான் நம் கயிறு இருக்கும். அதனால் திட்டும் அளவோடு நிற்கிறது.

ஆனால் இதே விதி முதியவர்களையும், நோயாளிகளையும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. நர்ஸுக்கு இரண்டு வாரத்துக்கொரு முறை வேலைக்குப் போகும் பேருந்து மாறுகிறது. நிரந்தர முகவரி கிடையாது. ஓட்டுரிமைக்கு, உள்ளூரோடு தொடர்பு உண்டு என்று தனியாக உறுதிமொழி எழுதிக் கொடுத்துப் பதிய வேண்டும். போதாக்குறைக்கு, 2024 ஏப்ரலிலிருந்து நிலையான கட்டுமிடம் இல்லாத படகுகளுக்கு உரிமக் கட்டணத்தோடு கூடுதல் தொகையும் சேர்ந்துவிட்டது. கட்டுமிடம் இல்லாதவரிடமே அதிகம் வாங்குவது எந்த ஊர் நியாயம் என்று தச்சர் கேட்கிறார். கால்வாயை அதிகம் பயன்படுத்துகிறவர் அதிகம் கொடுக்கட்டும் என்பது எதிர்த்தரப்பு. நிலையான இடம் கிடைப்பதும் எளிதல்ல. கிங்ஸ் கிராஸில் பழைய டச்சுப் படகு ஒன்றில் புத்தகக் கடை இருக்கிறது. அதுவும் ஆரம்ப வருடங்களில் இடம் இடமாக அலைந்து, போராடித்தான் நிரந்தரமாக நிற்க இடம் பெற்றது.

கரைக்காரர் கதைக்கு வருகிறேன். கிடங்குகள் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி அடுக்ககங்கள். ‘கால்வாய்க் காட்சி’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஒரு மாலை அடுப்பை மூட்டியதும் எதிரே இரண்டாம் மாடியிலிருந்து ஒருவர் பால்கனிக்கு வந்து, எங்கள் புகை அவர் குழந்தையின் அறைக்குள் வருவதாகச் சத்தம் போட்டார். வரி கட்டாதவர்கள், நாடோடிகள் என்று கூடவே இரண்டு வார்த்தை. நர்ஸ் பதில் பேசவில்லை. காய்ந்த விறகையும் புகை குறைவான கரியையும் மட்டுமே எரிப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே வந்தவர், வெகுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு மூச்சிரைப்பு இருக்கலாம் என்று அவருக்குத்தான் முதலில் தோன்றியது. மறுநாள் முப்பது கஜம் தள்ளிப் போய்க் கட்டினோம்.

அந்த மாடிக்காரர் சொன்னதில் பாதி நியாயம். விறகுப் புகை நுரையீரலுக்குக் கெடுதல், அதில் வாதமே இல்லை. நெடுங்காலம் லண்டனின் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கட்டி நிற்கும் படகுகளைத் தொடவில்லை. 2021ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம், விரும்பிய உள்ளாட்சிகள் படகுகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று வழிவிட்டது. ஆனால் குளிரில் அடுப்பை அணை என்று மட்டும் சொன்னால் அந்த மனிதர்கள் எதைக் கொண்டு சூடேற்றிக்கொள்வார்கள்? இஸ்லிங்டனில் இதற்கு உருப்படியான வழி ஒன்று செய்திருக்கிறார்கள்: கரையில் மின்சாரத் தூண் நட்டு, இங்கே நிற்கும் படகுகள் இஞ்சினும் ஓட்டக் கூடாது, அடுப்பும் மூட்டக் கூடாது, மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அபராதச் சீட்டைவிட ஒரு மின்தூண் அதிக நல்லுறவை வளர்க்கும். அது ஒரு மூலையில் மட்டும் இருப்பதுதான் குறை.

இன்னொரு இரவைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஒரு மணி இருக்கும், எதுவோ மெத்தென்று படகில் இடித்தது. தச்சர் டார்ச்சோடு வெளியே ஓடினார். யாரோ விஷமிகள் கயிற்றை அவிழ்த்துவிட்ட ஒரு படகு, ஆளில்லாமல் குறுக்காக மிதந்து வந்துகொண்டிருந்தது. அவர் கூரை மேல் நடந்து, அதன் முனையைக் காலால் தடுத்து, தொங்கிய கயிற்றைத் தடிக் கொக்கியால் எடுத்தார். இதற்குள் இன்னும் இரண்டு படகுகளில் விளக்கு எரிந்து, பைஜாமாவோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். இருட்டில் நாலு பேர் சேர்ந்து இழுத்து, முளை அடித்து, இரண்டு முடிச்சுக்குப் பதில் மூன்று முடிச்சுப் போட்டார்கள். உள்ளே யாருமில்லை என்று நினைத்தோம். கட்டி முடித்தபின் ஜன்னல் திரை விலகி, தூக்கக் கலக்கத்தில் ஒரு கிழவர், “நான் எங்கே இருக்கிறேன்?” என்றார். யாரோ பாலத்தின் பெயரைச் சொன்னார்கள். “அப்படியா, நல்ல இடம்தான்” என்று திரையை மூடிக்கொண்டார்.

லண்டன் போகிற வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். சுற்றுலாப் பட்டியலில் கால்வாய் இருக்காது. அதனாலேயே போய்ப் பாருங்கள். கிங்ஸ் கிராஸில் இறங்கிக் கால்வாய்க் கரையை விட்டு விலகாமல் கிழக்கே நடங்கள். சுரங்கத்துக்கு மட்டும் தெருவேறித் தாண்ட வேண்டும். விக்டோரியா பூங்காவரை நிதானமாக நடந்தால் அரை நாள் வேலை. வழியில் நியூ வார்ஃப் சாலையில் லண்டன் கால்வாய் அருங்காட்சியகம். ஒரு காலத்தில் நார்வேயிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த கிணறுகள் அதன் அடியில் இருக்கின்றன. கரைப் பாதையில் சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு வரும், ஓரமாகப் போங்கள். லாக்கில் யாராவது மரத்துலாவைத் தள்ளிக்கொண்டிருந்தால் உதவட்டுமா என்று கேட்கலாம், மகிழ்ச்சியாகச் சம்மதிப்பார்கள். படம் எடுப்பதானால் வெளிப்புறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குள் மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள்; உள்ளே ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.